பேட்டரித் தம்பி தும்மவில்லை

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு நடந்த அடுத்த பெரிய காரியம், மலேசியாவில் பத்து காஜா நகருக்கு அருகே உள்ள எங்கள் தொழிற்பயிற்சிக் கல்லூரி 'பேட்டரித் தம்பி'யைக் கண்டுபிடித்ததுதான். இடையில் நடந்ததெல்லாம் சில்லறை.

தம்பி ஓர் அனிமேஷன் பாத்திரம். மஞ்சள் உடம்பு, உருண்டைக் கண். பேட்டரியில் கோளாறு என்றால் தும்முவான். மாணவர்கள் திரையில் பச்சைப் பட்டனைத் தட்டினால் குணமாகி ஆடுவான். வாகனப் பிரிவு விரிவுரையாளனான நான்தான் குரல். மூன்று வருடமாக அந்தத் தும்மலிலேயே மூழ்கியதில் ஸ்பானர் பிடிக்கும் பழக்கம் விட்டுப்போனதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நிஜ எஞ்சினும் ஒன்று உண்டு. அழுக்காகிவிடும் என்று கண்ணாடிப் பெட்டியில் பூட்டியிருக்கிறோம். ஆயுத பூஜையன்று மட்டும் திறந்து சந்தனம், குங்குமம் வைப்போம்.

"சார், ஒரு தடவையாச்சும் கழட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டவள் தினேஸ்வரி ஒருத்திதான். ஈப்போவை ஒட்டிய சிலிபின் பகுதிக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் லாரிக்கு அடியில் கிடப்பவள். சான்றிதழோடு வந்தால் வேலை என்று அங்கே ஒரு பட்டறை முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அவளுக்கு 'நவீனச் சிந்தனை' போதாது என்று குறிப்பெழுதினேன்.

இறுதித் தேர்வு நாள். நாற்பது பேரும் திரைக்கு முன் உட்கார்ந்தார்கள். அதே நேரத்தில், 'சிறந்த நவீனக் கற்பித்தல்' விருது வாங்க ஈப்போவுக்குக் கிளம்பிய இயக்குநர் தனேஸ்வரனின் கார் வாசலிலேயே படுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்'. அவ்வளவுதான்.

நானும் சக விரிவுரையாளர் பவித்ரனும் பேட்டரியைச் சுற்றி 'அவசரக் கூட்டம்' நடத்தினோம்.

"தும்மவே இல்லையே?" என்றார் பவித்ரன்.

"பச்சைப் பட்டனும் காணோம்," என்றேன்.

"பத்தரைக்கு விருதுய்யா! ஏதாச்சும் செய்ங்க லா!" என்று அலறினார் இயக்குநர்.

சத்தம் கேட்டுத் தேர்வறையிலிருந்து தினேஸ்வரி எழுந்து வந்தாள். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தாள். "சார், கேண்டீன்ல சுடுதண்ணி வாங்கிட்டு வாங்க," என்றாள். ஓடினேன். ஊற்றினாள், சுரண்டினாள், இறுக்கினாள். கார் உறுமியது. இயக்குநர் பறந்தார். மொத்தம் இருபது நிமிடம்.

அதற்குள் தேர்வு முடிந்திருந்தது. மதிப்பெண் படிவத்தில் 'கார் ஓடியது' என்பதற்குக் கட்டம் இல்லை. நேர்மைக்குப் பேர்போன நான், அவளுக்குத் 'தேர்ச்சியில்லை' என்று கையெழுத்துப் போட்டேன். மற்ற முப்பத்தொன்பது பேரும் தேறினார்கள். விருதும் வந்தது. சான்றிதழ் இல்லாததால் பட்டறை வேலை கைநழுவியது என்று கேள்விப்பட்டு முறைப்படி வருந்தினேன்.

போன வாரம் சிலிபின் சாலையோரத்தில் என் கார் 'டிக்' என்றது. முதலில் நானே ஒருமுறை தும்மிப் பார்த்தேன். பலனில்லை. தேறிய முப்பத்தொன்பது பேரின் எண்களும் என் போனில் இருந்தன. நான் தினேஸ்வரியைத்தான் கூப்பிட்டேன்.

"வாரேன் சார்," என்று சிரித்தாள். "ஆனா இருபது நிமிஷம் ஆகும். மறுபடியும் ஃபெயில் போட்ருவீங்களா?"