கடைசிச் சொட்டும் ஒரு பன்னும்

திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லி வரைக்கும், யாரையுமே நம்பாத மனிதர் யார் என்று ஒரு தேர்தல் வைத்தால் எங்கள் எண்ணெய்க் கடைக்கு வரும் கடைசிச் சொட்டு எதிர்ப்பே இல்லாமல் ஜெயித்துவிடுவார். ஜெயித்த கையோடு, "எண்ணுனது சரியா? எதுக்கும் இன்னொரு தபா எண்ணு" என்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். கேட்டேன். "எண்ணெ ஆட்றதுக்குப் பேரு எதுக்கு மொதலாளி?" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார். அதோடு விட்டுவிட்டேன். கடைசிச் சொட்டு என்ற பெயரை வைத்தது எங்கள் மிஷின் ஓட்டும் ராணி. ஏன் வைத்தாள் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் என்னைப் பற்றி. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பட்டறை, போய் வா என்று கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து அனுப்பியது. அதை அப்படியே ஒரு எண்ணெய் ஆட்டும் மிஷினில் போட்டு, திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கடை திறந்தேன். மிஷின் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. மேலே அகன்ற வாயில் கடலையைக் கொட்டினால், உள்ளே ஒரு பெரிய இரும்புத் திருகு சுழன்று அதை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். போகப் போக இடம் குறுகும். நசுங்குகிற கடலை எண்ணெயைக் கக்கும். அது சுற்றியுள்ள கம்பிகளின் இடுக்கு வழியாகக் கீழே தட்டில் வழியும். மறுமுனையில் பிண்ணாக்கு சில்லு சில்லாக வந்து விழும். அந்தப் பிண்ணாக்கையே இன்னும் ஓரிரு முறை உள்ளே விட்டால் மிச்சமிருக்கும் எண்ணெயும் இறங்கிவிடும். அவ்வளவுதான் சங்கதி.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடலையோ எள்ளோ கொப்பரையோ கொண்டு வருகிறவர்கள் பக்கத்தில் நின்று, கண்ணெதிரே ஆட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். எண்ணெய்க் கடைக்காரன் பாமாயில் கலப்பான் என்பது ஊர் உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. கலக்காதவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் செல்லாது. அதனால் நிற்பார்கள். நிற்பது என்றால், ஒரு கண் செல்போனில், ஒரு கண் மிஷினில். கடைசிச் சொட்டு அப்படி நிற்கிற ஜாதி இல்லை.

அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க டிக்கெட் எடுக்காதவர்களைத் தேடித் தேடியே பழகிய கண். அந்தக் கண்ணோடு வாராவாரம் ஒரு பை கடலையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் வரிசையில் நிற்பாரா என்றால், வரிசையைச் சோதனை போட்டார்.

"பைய தொற, பாப்போம்" என்றார் முன்னால் நின்ற ஒரு அம்மாவிடம்.

"இன்னாத்துக்கு?"

"நீ ஆட்டுனப்பறம் நானு. உன் எண்ணெ கொஞ்சம் மிஷினுக்குள்ள தங்கும். அது என் கேன்லதான் வந்து வுழும். உன் கடலை சொத்தையா இருந்தா?"

"யோவ், நீ யாருய்யா?"

கேட்டாளே தவிர, பையைத் திறந்து காட்டிவிட்டாள். அந்தக் குரலுக்கு யாரும் காட்டித்தான் ஆக வேண்டும். நானே ஒருமுறை என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"சார், அவங்க எண்ணெ கொஞ்சம் உங்களுக்கு வருதுன்னா, உங்க எண்ணெ கொஞ்சம் உள்ள தங்கி அடுத்தவங்களுக்குப் போவுது. சரிக்குச் சரி ஆயிடுச்சே" என்றேன்.

"அவன் கடலையும் என் கடலையும் ஒண்ணா மொதலாளி?"

நான் அடுத்த பையை எடைபோடப் போனேன். 

அவர் முறை வந்தால் எங்களுக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம். பிண்ணாக்கை இரண்டு முறை விட்டால் போதாது. ஒரு சில்லை எடுத்து விரலால் அழுத்துவார், முகர்வார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இதுல இன்னும் கீது. ஓட்டு" என்பார். ராணி ஓட்டுவாள். மறுபடி அழுத்துவார். "ஓட்டு." கடைசியில் பிண்ணாக்கு உடைந்த கூரை ஓட்டுச் சில் மாதிரி ஆகிவிடும்.

"நைனா, இதுக்கு மேல ஓட்டுனா மிஷினுக்குப் போட்ட கிரீஸுதான் வரும். பரவால்லியா?" என்பாள் ராணி.

மோட்டாரை நிறுத்திய பிறகும் அவர் போக மாட்டார். தட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பி இடுக்கில் தொங்கும் கடைசிச் சொட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தச் சொட்டும் இவருக்கு ஏற்ற சொட்டு. விழுவது போல நீளும், பிறகு யோசித்து மேலே ஏறிக்கொள்ளும். பின்னால் வரிசை பொருமும். அது விழுந்தபின் பையிலிருந்து ஒரு பன்னை எடுப்பார். அதைப் பிட்டு, தட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெயை மூலை முடுக்கெல்லாம் வழித்து, கண்ணை மூடி மென்று தின்பார். அவர் போனபின் அந்தத் தட்டைக் கழுவ வேண்டிய அவசியமே இருக்காது. அடுத்தவனுக்கு ஒரு துளி போகக்கூடாது என்கிற கஞ்சத்தனத்தின் உச்சம் என்று நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இதையெல்லாம் பொறுத்தேன். தண்ணீர் விஷயம்தான் முடியவில்லை.

நன்றாகக் காய்ந்த கடலையை மிஷினில் போடுமுன் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசிற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மாவாகித் திருகைக் கவ்விக்கொள்ளும். அன்றைக்கு அவர் கொண்டு வந்த கடலை குலுக்கினால் கிலுகிலுப்பை போலச் சத்தம் போட்டது. ஈரம் இருந்தால் நாங்கள் எடை ஏமாற்றுவோம் என்று மொட்டை மாடியில் போட்டு நன்றாகக் காயவைத்து எடுத்திருக்கிறார். ராணி சொம்பை எடுத்தாள்.

"இந்தா ராணி, இன்னாது அது?"

"தண்ணி நைனா. தெளிச்சாத்தான் எண்ணெ எறங்கும்."

"எண்ணெய்ல தண்ணி கலக்கிறியா? அதுவும் என் கண்ணு முன்னாடியே?"

சொம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். நான் சொன்னேன், ராணி சொன்னாள், வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். "அல்லாரும் கூட்டா?" என்றார். சரி, பட்டால் புரியட்டும் என்று ராணி கடலையைக் கொட்டினாள். சற்று நேரத்தில் பிண்ணாக்கு வரும் வாயிலிருந்து மாவாகப் பறந்தது. பெல்ட் கிரீச்சிட்டது. மிஷின் ஒருமுறை உலுக்கி நின்றுவிட்டது. கம்பிகளைக் கழற்றி, கல்லாக இறுகிப்போனதை உளியால் தட்டித் தட்டி எடுக்க அன்றைய பொழுதே போயிற்று. வரிசை கலைந்து போயிற்று.

"பாத்தியா, நல்ல கடலைய போட்டா ஒன் மிஷினுக்குத் தாங்கல" என்றார் அவர்.

அதோடு என் பொறுமை கழன்றது. "சார், உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா வேற கடை பாத்துக்கங்க. சென்னீர்குப்பத்துல புதுசா ஒண்ணு தொறந்திருக்கான். பெரிய மிஷின், ஏசி. அங்க போயி நில்லுங்க" என்று கத்திவிட்டேன். சொம்பை மெதுவாகக் கீழே வைத்தார். பையை எடுத்துக்கொண்டு போனார். பன்னைக்கூட வெளியே எடுக்கவில்லை.

அடுத்த வாரம் கடையில் அப்படி ஒரு நிம்மதி. ராணி பாட்டு முணுமுணுத்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு அம்மா வந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எங்க, அந்தப் பெரியவரு காணோம்?"

"அவர் இப்ப வர்றதில்லம்மா."

"ஏன்?" என்றவள், கடலைப் பையைக் கையிலிருந்து இறக்கவே இல்லை. "ஊட்ல ஒரு வார்த்த கேட்டுகினு வர்றேன்" என்று போனவள் திரும்பவில்லை.

பிறகு பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கடைசிச் சொட்டே அந்தக் கடைக்குப் போவதில்லையாம், அவர் எதையோ பார்த்துவிட்டாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பலகையில் 'சுத்தமான எண்ணெய்' என்று எழுதியிருந்ததை ஒருவரும் நம்பவில்லை. அந்தச் சந்தேகப் பிராணி நின்று பார்க்கிற இடம் என்றுதான் இத்தனை பேரும் வந்திருக்கிறார்கள். இப்போது மிஷின் பாதி நாள் சும்மா நின்றது. ராணி ஈ ஓட்டினாள். இப்படியே போனால் மிஷினை விற்றுவிட வேண்டியதுதான் என்ற நிலை.

"போயி இட்டாந்துடு அண்ணாத்தே. வேற வயி இல்ல" என்றாள் ராணி.

கோயில் குளத்துக்குப் பின்னால் அவர் வீடு. மகள் கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பா காலைலயே பைய தூக்கிகினு சென்னீர்குப்பம் போயிட்டாருண்ணே. டெய்லி போறாரு. ஆட்டாம அப்பிடியே திருப்பி எடுத்துகினு வர்றாரு."

"அப்ப வீட்ல சமையலுக்கு எண்ணெ?"

"அய்ய, எண்ணெக்கு இன்னா கொறச்சல்? உங்க கடை எண்ணெய தெருவே தாளிக்குது. வாராவாரம் எடுத்தாந்தா நாங்க இன்னா குடிக்கவா முடியும்? அவருக்கும் ஆவாது. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சப்போவே டாக்டரு எண்ணெய தொடக்கூடாதுன்னுட்டாரு. இட்லிப் பொடியக்கூட மோர்ல கொயச்சுத்தான் தின்றாரு. மத்ததுல எப்பிடியோ, அந்த வெசயத்துல அப்பா தங்கம்ணே. ஒரு சொட்டு தொட்டதில்ல."

எனக்குப் பன் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்ற அந்த முகமும் ஞாபகம் வந்தது. அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தேனே. தங்கம்தான் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

சென்னீர்குப்பம் கடை பளபளவென்று இருந்தது. மிஷின் உள்ளே, மக்கள் வெளியே, நடுவில் பெரிய கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் மூக்கு அமுங்க நின்றுகொண்டிருந்தார் கடைசிச் சொட்டு. காலடியில் கடலைப் பை.

"இன்னா சார், ஆட்டலியா?"

திரும்பினார். என்னைப் பார்த்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "கண்ணாடி போட்டுகீறான் மொதலாளி. தட்டாண்ட போவ வுட மாட்றான். கடைசில இன்னா ஆவுதுன்னே தெர்ல."

"நம்ம கடைக்கு வாங்க."

"ஒன் கடையிலதான் தண்ணி கலக்கிறீங்களே."

எனக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. அடக்கிக்கொண்டேன். "உங்களுக்குக் காட்டிட்டே தெளிக்கிறோம்."

"எவ்ளோ தண்ணின்னு காட்டணும். இன்னா தண்ணின்னும் காட்டணும்."

"காட்றோம்."

"அப்ப சரி" என்று பையைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். வழி முழுக்க, என் வண்டியின் பெட்ரோல் முள் பொய் சொல்கிறது என்று தோளில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது மறுபடி எல்லாம் பழையபடி. ராணி உள்ளங்கையில் தண்ணீரைக் காட்டுவாள். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "ம்" என்றபின்தான் தெளிக்க வேண்டும். வரிசையில் எல்லாப் பைகளும் திறக்கின்றன. "அவரு நிக்கிறாரா? அப்ப சரி" என்றபடி, பையோடு திரும்பிப் போன அந்த அம்மாவும் வந்துவிட்டாள். எரிச்சலுக்குப் பஞ்சமில்லை.

ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. கடைசிச் சொட்டு விழுந்து, அவர் பன்னைத் தேடிப் பைக்குள் கைவிடும் நேரம் பார்த்து, யாருடைய கடலையையாவது அள்ளி நீட்டுவேன். "சார், இதுல வண்டு இருக்கற மாதிரி தெரியுது, கொஞ்சம் பாருங்க" என்பேன். வண்டு என்றால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கடலையாகப் புரட்டுவார். அதற்குள் ராணி துணியால் தட்டை அழுந்தத் துடைத்துவிடுவாள், வாசனை மட்டும் மிஞ்சும்படி. அவர் திரும்பி வந்து பன்னால் வழித்து, கண்ணை மூடி மெல்லுவார். "இப்பல்லாம் கடைசில எண்ணெ கம்மியாத்தான் நிக்கிது" என்று முணுமுணுப்பார்.

எங்கள் கடையில் நடக்கிற ஒரே மோசடி அதுதான். ஊரிலுள்ள திருட்டையெல்லாம் பிடிக்கிறவர் அதை மட்டும் இன்னும் பிடிக்கவில்லை. என்றைக்காவது பிடித்து, கடையே அதிரும்படி சண்டை போடுவார். போடட்டும். அதற்கு அவர் தெம்பாக இருந்தால் சரி.