பதவிக்கேற்ற ஸ்கீ

வியன்னாவில் பிறந்து, அங்கேயே கோப்புகளோடு குடும்பம் நடத்திவந்த வெண்டெலின் என்னும் எழுத்தர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, நிர்வாக நலன் கருதி டிரோல் மலைகளுக்கு நடுவேயுள்ள ஷ்டில்பாக் வட்ட அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். யாருடைய நலன் என்று ஆணையில் இல்லை. மனைவியும் மகளும் வியன்னாவிலேயே இருந்தார்கள். வசந்தத்தில் திரும்பிப் போக வேண்டுமானால் ஹோஃப்ராட்டின் பரிந்துரை தேவை.

ஹோஃப்ராட் என்பது தலைமை அதிகாரி ஸ்டைன்லெக்னருக்கு அரசு சூட்டிய பட்டம். அவர் மனைவியை ஊரே ஹோஃப்ராட் அம்மா என்றது. அவர் வீட்டு நாய் சாலையைக் கடந்தால் தபால் வண்டி நின்று வழிவிட்டது.

பனி கொட்டத் தொடங்கியதும் மூத்த எழுத்தர் வால்ட்ராவுட் அம்மாள் வெண்டெலினின் மேசைக்கு வந்தார்.

"ஆபீஸ் ஸ்கீ நாள் வருது. உங்க ஸ்கீ எங்க?"

"என்கிட்ட சறுக்குப் பலகையே இல்லைங்க. எனக்குச் சறுக்கவே தெரியாது."

அம்மாள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதை இந்தக் கட்டடத்துக்குள்ள இன்னொரு தடவை சொல்லிடாதீங்க. நேரா கடைக்குப் போய், எல்லா மலைக்கும் ஏத்த ஸ்கீ ஒண்ணு வாங்குங்க. இப்ப எல்லாரும் அதுதான் வச்சிருக்காங்க. பனியை அழுத்திப் போட்ட பாதையிலயும் போகும், புதுப் பனியிலயும் போகும், மேடுபள்ளத்துலயும் போகும்."

"நான் அங்கெல்லாம் போக மாட்டேனே."

"நீங்க ஏன் போகணும்? ஸ்கீ போகக்கூடியதா இருந்தாப் போதும்."

கடைக்காரர் எங்கல்பெர்ட் வெண்டெலினை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தப் பதவி?"

"உயரம், எடை கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"அது சுற்றுலாக்காரங்களுக்கு. ஹோஃப்ராட் கொஞ்சம் குட்டை. அவரோட ஸ்கீ அவர் நெத்திவரைக்கும் இருக்கு. அவருக்குக் கீழ வேலை பார்க்குறவங்க ஸ்கீ அதைத் தாண்டப்படாது. நீங்க மூணாம் நிலை எழுத்தர்தானே?"

அவர் எடுத்து நிறுத்திய ஸ்கீ வெண்டெலினின் மார்புக்குத்தான் வந்தது.

"சின்னதா இருக்கே."

"ஆளு வளந்துட்டீங்க. பதவி வளரலையே. நான் என்ன பண்றது?"

"அகலமும் கம்மியா இருக்கு."

"அகலமானது புதுப் பனியில மிதக்கும். துறைத்தலைவருக்குக் கீழ யாரும் மிதக்கறதில்ல."

ஆக, குட்டையும் ஒல்லியுமாய், தொட்டால் வளையும் ஒரு ஸ்கீ வெண்டெலினுக்கு வழங்கப்பட்டது. புதிதாய்க் கற்றுக்கொள்ளும் ஆளுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. இந்த உண்மை கடைக்காரருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

வாங்கியாயிற்று, அவமானப்படாமல் இருக்கவேண்டுமே என்று வெண்டெலின் விடுமுறை நாட்களில் குழந்தைகள் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். "முன்பக்கம் ரெண்டையும் நெருக்கி வைங்க, பீட்சாத் துண்டு மாதிரி," என்றாள் ஆசிரியை. கிண்டர்கார்டன் கூட்டம் அவரை இருபுறமும் முந்திக்கொண்டு போனது. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். ஒரு நாள் விழாமல் கீழே வந்து சேர்ந்தார். அன்று மகளிடம் தொலைபேசியில் அதைத் தவிர வேறெதையும் பேசவில்லை.

ஸ்கீ நாளன்று அலுவலகம் முழுவதும் கயிற்று வண்டியில் மலையேறியது. உச்சியில் இருந்த விடுதி வாசலில் ஸ்கீக்கள் பதவி வரிசைப்படி பனியில் நடப்பட்டன. உள்ளே இறைச்சி உருண்டையும் சாராயமும் வந்தன. மலையேறும் மனிதனின் மாண்பு பற்றி ஹோஃப்ராட் நெடுநேரம் உரையாற்றினார். அவர் முடிப்பதற்குள் காற்று எழும்பிக் கயிற்று வண்டி நின்றுபோனது.

"இனி இன்னிக்கு வண்டி ஓடாது," என்றார் விடுதிக்காரர். "உங்க எல்லார்கிட்டயும் ஸ்கீ இருக்கே. இருட்டறதுக்குள்ள சறுக்கி இறங்கிடுங்க."

யாரும் அசையவில்லை.

"ஹோஃப்ராட்டுக்கு முன்னாடி நாங்க எப்படி இறங்கறது?" என்றார் ஒரு துறைத்தலைவர்.

"கடைசி ஆளும் இறங்கினப்புறம்தான் நான் இறங்குவேன்," என்றார் ஹோஃப்ராட். "தலைமைன்னா அதுதான்."

அப்போதுதான் வெண்டெலினுக்கு உறைத்தது. ஓர் ஆளுக்கும் சறுக்கத் தெரியாது.

வால்ட்ராவுட் அம்மாள் அவரை மூலைக்கு இழுத்தார். முகம் வெளுத்திருந்தது. "என் சர்க்கரை ஊசி கீழ வீட்டுல இருக்கு. ராத்திரி தாங்காது தம்பி."

விடுதிக்காரர், சங்கிலிச் சக்கரத்தில் மலையேறும் பனி வண்டியின் ஓட்டுநரைக் கீழே ஊரில் தொலைபேசியில் பிடித்தார். பதில் தெளிவாக இருந்தது: காற்று நேரத்தில் வண்டியை மேலே கொண்டுவர வட்ட அலுவலகத்தின் கையெழுத்திட்ட ஆணை வேண்டும், அலுவலகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை.

"அலுவலகமே இங்கதானே உட்கார்ந்திருக்கு," என்றார் விடுதிக்காரர்.

ஹோஃப்ராட் உடனே ஆணை எழுதினார். காரணம் என்ற இடத்தில் "ஆய்வு" என்று போட்டார். "இதை யாராவது கீழ கொண்டுபோகணும்," என்றார் கூரையைப் பார்த்தபடி.

வெண்டெலின் கையை நீட்டினார்.

பீட்சாத் துண்டு பிடித்து, பாறையில் உரசி, புதரில் புகுந்து, ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே வழுக்கி, அவர் ஆணையைக் கொண்டு சேர்த்தார். பனி வண்டியின் பின்புறத்தில் அலுவலகம் நின்றபடி இறங்கியது. வால்ட்ராவுட் அம்மாளுக்கு ஊசி வேளைக்குக் கிடைத்தது.

மறுவாரம் ஹோஃப்ராட் அவரை அழைத்தார்.

"ஸ்கீ நாள் இனிதே நடந்ததா அறிக்கை அனுப்பியாச்சு. உபகரணமெல்லாம் பழுதில்லாமத் திரும்பிடுச்சு. உம்மோடதுல மட்டும் அடியில கீறல் இருக்குதாமே?"

"சறுக்கினேங்க."

"ஆணையைக் கொண்டுபோகத்தானே சொன்னேன். சறுக்கச் சொன்னேனா?"

வெண்டெலினின் பரிந்துரை நிறுத்திவைக்கப்பட்டது.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா. புயலில் இறங்கிய எழுத்தரின் கதை அடுமனை, மதுக்கடை, மாதாகோயில் வழியாக எங்கல்பெர்ட்டின் கடைக்கு வந்து சேர்ந்தது. அவர் கூர்மையான வியாபாரி. கீறல் போட்ட ஸ்கீக்கள் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றன. பழைய ஸ்கீயைக் கொண்டுவந்தால் பதவிக்கு ஏற்ப கீறித் தரப்படும் என்றும் அறிவித்தார். ஹோஃப்ராட் ஆழமான கீறல்களாக வாங்கிக்கொண்டார். கீறல் இல்லாதவர் மலையை மதிக்காதவர் என்ற கருத்து அலுவலகத்தில் நிலைபெற்றது.

வசந்தம் நெருங்கும்போது வெண்டெலினும் தன் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

"உங்களோடது அசல் கீறலாச்சே, உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் எங்கல்பெர்ட்.

"அழிச்சிடுங்க. ஹோஃப்ராட்டோடதவிட ரெண்டு கூட இருக்கு. எனக்குப் பரிந்துரை வேணும்."

வரிசையில் பின்னால் நின்ற வால்ட்ராவுட் அம்மாள் எட்டிப் பார்த்தார். "அழிக்கறதா இருந்தா, அந்த ரெண்டையும் என்னோடதுல போட்டுடுங்க. என் பதவிக்கு இன்னும் இடம் இருக்கு."