லேபிளக்காவும் உப்பிய டின்னும்

எழுபதுகளின் கடைசியில் வில்லாபுரத்தில் எங்கள் தெருவே வயிற்றுக் கோளாறு இல்லாமல் வாழ்ந்தது என்றால், அதற்கு ஒரே காரணம் லேபிளக்கா. அதற்காக நாங்கள் நன்றி சொன்னோமா என்றால், இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டோம்.

அக்காவுக்குச் சொந்த ஊர் எழுமலைப் பக்கம். கணவர் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போய்விடுவார். அவருக்குச் சேர வேண்டிய கோபமும் எங்களுக்கே வரும். உப்புமா மிக்ஸ், ஜாமூன் மாவு, பால்பவுடர் என்று பாக்கெட்டுகள் வீடுகளுக்குள் நுழைந்த காலம். நாங்கள் பிரித்துக் கொட்டுவோம். அக்கா அதில் அச்சடித்திருப்பதைக் கடைசி வரி வரை படிப்பார். அடுத்த வீட்டுப் பாக்கெட்டையும் படிப்பார்.

மாடியில் இருந்த பேச்சிலர் ஒருவர் பாதி உப்புமா மிக்ஸை வாய் கட்டாமல் வைத்து, வண்டு விழுந்ததும் சல்லடையில் சலித்துச் சமைப்பதாகச் சொன்னார். அக்கா அதை அவர் கண்ணெதிரிலேயே குப்பையில் கொட்டினார். எதிர்வீட்டுக்காரி காலையில் கரைத்த பால்பவுடரைச் சாயங்காலம் குழந்தைக்குப் புகட்டப் போனாள். அக்கா பாட்டிலைப் பிடுங்கி, கழுவி, வெந்நீரில் கொதிக்கவிட்டு, புதிதாகக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார். அவள் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தை மட்டும் அக்காவைப் பார்த்தால் சிரிக்கும்.

என் தங்கையைப் பெண் பார்க்கக் கொட்டாம்பட்டியிலிருந்து வந்த நாளில்தான் பெரிய சண்டை. சித்தப்பா பம்பாயிலிருந்து ரசகுல்லா டின் கொண்டுவந்திருந்தார். மேலும் கீழும் உப்பி, மேஜையில் வைத்தால் ஆடியது. உள்ளே நிறைய அடைத்திருக்கிறான் என்று சித்தப்பாவுக்குப் பெருமை. பஜ்ஜி போட வந்த அக்கா பார்த்துவிட்டார்.

"அண்ணே, இது கெட்டுப்போச்சு. தொறக்காதீக."

பம்பாய்ச் சரக்கு கெடாது, வேண்டுமானால் ஒரு கொதி விட்டுக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா.

"கெட்டதைக் கொதிக்க வச்சா சூடா கெட்டது கெடைக்கும், அம்புட்டுத்தான். வீடு தேடி வந்தவுகளுக்கா விசம் வைக்கிறீக?"

நல்ல நாளில் என்ன வார்த்தை என்று அம்மா அவரைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பினாள். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்ததும், சித்தப்பா டின்னை அவர்கள் முன்னாலேயே வைத்துக் கத்தியால் குத்தினார். புஸ்ஸென்று சீறியது. நுரைத்த பாகு மாப்பிள்ளையின் அப்பா சட்டையெல்லாம் தெறித்தது. அந்த நாற்றத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அக்கா பின்வாசல் வழியாக விறுவிறுவென்று வந்தார்.

"யாரும் கைய வாயில வச்சுறாதீக. எந்திரிச்சு வாங்க, கழுவணும்."

சம்பந்தி முதல் சித்தப்பா வரை குழாயடியில் வரிசையாக நின்றார்கள். சோப்பை அக்காவே போட்டுவிட்டார். பிறகு எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு பஜ்ஜி வைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை சித்தப்பாவை முறைத்தபடியே நின்றார். மாப்பிள்ளையின் அம்மா, இப்படி ஒருத்தர் கண்பார்வையில் வளர்ந்த பெண்ணைத் தைரியமாகக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிச் சம்பந்தம் பேசி முடித்தார். சித்தப்பா மட்டும் கடைசிவரை கத்தியைத்தான் குறை சொன்னார்.

பிறகு கணவர் வேறு ஊரில் ஒரு லாரி கம்பெனியில் சேர்ந்ததால் அக்கா தெருவைவிட்டுப் போனார். சாமான் வண்டி கிளம்பிய அன்று அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை. பசிக்கிறது என்று நாங்களும் சொல்லவில்லை.