மரப்பிடிக் கத்தியும் ஒரு பக்கெட் தண்ணீரும்

எந்த வேலை செய்யத் தெரியாதோ, அந்த வேலைக்கான சாமான்களைப் பற்றித்தான் ஆம்பளைகள் அதிகம் பேசுவோம். எனக்கு இன்றுவரை வெங்காயம் ஒழுங்காக நறுக்க வராது. ஆனால் வெங்காயம் நறுக்கும் கத்திக்கு எப்படிப்பட்ட பிடி இருக்க வேண்டும், அதில் எத்தனை ரிவிட் ஆணி அடித்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் (இதுவரை யாரும் கேட்டதில்லை) அரைமணி நேரம் மூச்சு விடாமல் சொல்வேன். இந்த அறிவு எனக்கு எப்படி வந்தது, வந்த வழியில் என் மனைவியின் பிழைப்பில் எப்படி மண் அள்ளிப் போடப் பார்த்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பேர்தான் இன்ஸ்பெக்டர். அடுத்தவன் செய்த பொருளைக் கையில் எடுத்து, உருட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவதுதான் வேலை. பதினோரு வருடம் இதையே செய்தால் மனுஷனுக்கு அது வியாதியாகவே ஆகிவிடும். மாமியார் வைத்த மீன் குழம்பைக்கூடக் கிண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். (பிதுக்கியிருக்கிறேன். அப்புறம் ஒரு வருடம் அந்த வீட்டில் என் தட்டில் மீன் தலை விழவில்லை.)

என் மனைவி ஸ்டெல்லா, எங்கள் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பன்னிரண்டு கம்பெனித் தொழிலாளிகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒருத்தர் போய் தன் கம்பெனியில் அவள் சாம்பாரைப் புகழ்ந்திருக்கிறார். அங்கே ஆபீஸ் ஆட்கள் அறுபது பேர். தினசரி சாப்பாடு எங்கிருந்தோ வந்து, எல்லாரும் அதைத் திட்டிக்கொண்டே தின்று கொண்டிருந்தார்களாம். அட்மின் மேனேஜர் போன் போட்டார். புதன்கிழமை மதியம் ஐந்து பேருக்கு மாதிரிச் சாப்பாடு கொண்டு வந்து பரிமாற வேண்டும், பிடித்திருந்தால் அறுபது பேர் சாப்பாடும் இனி அவளுடையது என்றார்.

ஸ்டெல்லாவின் அம்மா பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். ஸ்டெல்லா கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருடம் கம்பெனி கம்பெனியாகக் கான்ட்ராக்டில் போய் வந்தவள். தன் பேரில் ஒரு தொழில், அதில் தான் சொல்வதுதான் கடைசி வார்த்தை என்று ஒன்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாய்த்ததில்லை. போனை வைத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் அடுப்பங்கரையிலேயே நின்றாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் உதவி செய்யக் கிளம்பினேன். யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயம் என் போனில் ராத்திரி பகலாக ஒரே உபதேசம் ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பிடி விஷம், மரத்துக்குத் திரும்புங்கள், மரப்பிடி பிடித்தவனுக்குச் சர்க்கரை வியாதி அண்டாது. சொன்னவர்கள் எல்லாருமே தாடி வைத்திருந்தார்கள். தாடி வைத்தவன் சொன்னால் நான் நம்பிவிடுவேன். அந்த ஞாயிறு தலைவலி என்று பொய் சொல்லி, ஸ்டெல்லாவையும் எங்கள் பெண்ணையும் மட்டும் சர்ச்சுக்கு அனுப்பிவிட்டு, சமையல்கட்டை ஆடிட் செய்தேன்.

நிலைமை கேவலமாக இருந்தது. கத்தியின் பிளாஸ்டிக் பிடி உடைந்து, பழைய புடவைத் துணி சுற்றியிருந்தது. சாம்பார்க் கரண்டியின் காம்பு ஒருபக்கம் சாய்ந்திருந்தது. மத்தில் இரண்டு பல் இல்லை. எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. பிடியில் கட்டுப் போட்ட எந்தச் சாமானையும் தொடக்கூடாது, சிவப்பு அட்டை கட்டிக் கழித்துவிட வேண்டும். நானும் சிவப்பு அட்டைக்குப் பதிலாகச் சிவப்பு ரிப்பனைக் கிழித்துக் கட்டினேன். (பெண்ணின் ஜடை ரிப்பன். அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) பாட்டு முடிந்து அவர்கள் ஜெபத்துக்கு வந்திருக்கும் நேரத்தில், எல்லாவற்றையும் தெருவில் வந்த காயலான் கடைக்காரர் வண்டியில் போட்டாயிற்று.

ஸ்டெல்லா திரும்பி வந்து சாமான் கூடையைப் பார்த்தாள். கத்தவில்லை. காலிக் கூடையை என் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள்.

"எட்டு வருசமா அந்தக் கத்தி என் கைக்குப் பழகிக் கீது மாமா. புதன்கிழமைக்கு நான் இன்னாத்த வச்சி நறுக்குறது?"

"வாங்கியாரேன்" என்று பைக்கை எடுத்தேன்.

பொன்னேரி மார்க்கெட்டில் ஒரு அம்மா கத்தி, கரண்டி, தோசைத் திருப்பி, மத்து எல்லாம் கோணி விரித்துப் பரப்பியிருந்தார். ஒரு பக்கம் மங்கலாக, பாலிஷ் எதுவும் இல்லாமல், பார்க்கவே வறுமையாக இருந்த பிடிகள். இன்னொரு பக்கம் செக்கச்செவேலென்று, முகம் தெரிகிற மாதிரி மின்னிய பிடிகள். நான் மின்னுகிற பக்கம் போனேன். அந்த அம்மாவே தடுத்தார்.

"அது வேணாம் நைனா. உள்ள இரும்பு பாதிதான் போவுது, மேல சாயம். இத எடுத்துக்கோ. இரும்பு கடைசி வரைக்கும் வருது பாரு, மூணு ஆணி அடிச்சிகீது."

விற்கிறவரே ஒரு பொருளை வேண்டாம் என்றால், விலை போகாத பழைய சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அர்த்தம். பதினோரு வருட அனுபவம் எனக்கு அப்படித்தான் சொன்னது. ஒரு கரண்டியை உருட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மின்னுகிறதில் ஒரு செட் கட்டித் தரச் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

செவ்வாய் சாயங்காலம் ஸ்டெல்லா கத்தியைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். பிடி லேசாகக் கடகடவென்றது. கரண்டியும் அப்படியே. நான் பதறவே இல்லை. எங்கள் கம்பெனியில் சுத்தியல் பிடி தளர்ந்தால் என்ன செய்வார்கள்? ராத்திரி தண்ணீரில் போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் கட்டை ஊதி, இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து, கத்தி, கரண்டி, திருப்பி, மத்து எல்லாவற்றையும் அதில் முக்கினேன். "கத்தியப் போய் ஊறப்போட்டுகினு கீறியே" என்றாள். டெக்னிக்கல் விஷயம், உனக்குப் புரியாது என்றேன். இந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் எத்தனை முறை சொன்னேனோ, அத்தனை முறையும் பிறகு காலில் விழாத குறை.

புதன் விடிந்ததும் பார்த்தால் பக்கெட் தண்ணீர் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். மரத்தின் சத்து இறங்கியிருக்கிறது, நல்லதுதான் என்றேன். ஆனால் பிடிகள் எல்லாம் கல் மாதிரி இறுகியிருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பெனியிலிருந்து சட்டைப் பையில் வந்திருந்த 'ஓகே' ஸ்டிக்கரை எடுத்து ஒவ்வொரு பிடியிலும் ஒட்டினேன்.

அவள் வேகவேகமாகச் சமைத்தாள். சாம்பார், கத்திரிக்காய் பொரியல், ரசம், அப்பளம் எல்லாம் ஆயிற்று. கடைசியில் தயிர் சாதத்துக்குத் தயிரைக் கடைந்தாள். கடையக் கடையத் தயிருக்கு வெட்கம் வந்த மாதிரி கன்னம் சிவந்தது. நான் உடனே மூளையைப் பயன்படுத்தினேன். இரண்டு பீட்ரூட் துருவிப் போட்டு, பீட்ரூட் தயிர் சாதம் என்று சொல்லிவிடலாம், இன்னும் கௌரவமாக இருக்கும் என்றேன்.

"சாயத்த யாரு வாய்லயும் ஊத்தமாட்டேன். ஆர்டர் வந்தா வரட்டும், போனா போவட்டும்."

மொத்தத் தயிரையும் கொண்டுபோய்க் கொட்டினாள். மற்றதில் பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காய் நறுக்கியபோது பிடியைத் தொட்ட கை காயில் படவில்லை, சாம்பாருக்குள் போனது கரண்டியின் இரும்புக் கிண்ணம் மட்டும்தான் என்று உறுதியான பிறகுதான் மூடினாள். கையில் ஒட்டியிருந்த சிவப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், போகிற வழியில் தயிர் பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அந்த நேரத்தில் எனக்கு அவமானம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாறாக இன்னொரு யோசனை வந்தது. சாயம் ஈரத்தால்தானே போகிறது, பிடிகளை நன்றாகக் காய வைத்துவிட்டால் தீர்ந்தது. எல்லாவற்றையும் கழுவி, மொட்டைமாடித் தளத்தில் வெயிலில் பரப்பினேன். கும்மிடிப்பூண்டி வெயில், அதுவும் சித்திரை. இரண்டு மணி நேரம். ராத்திரி முழுக்க ஊதிய மரம் அங்கே என்ன ஆகியிருக்கும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் டிப்ளமோ.

ஷேர் ஆட்டோவில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கம்பெனியின் சாப்பாட்டு ஹாலுக்குப் போனோம். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அட்மின் மேனேஜர், பளீரென்று வெள்ளைச் சட்டை. ஸ்டெல்லா இலை போட்டாள். நான் லீவு போட்டுவிட்டு வந்தவன், சும்மா நிற்க முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் சமையலில் பிளாஸ்டிக்குக்கு இடமே இல்லை, முழுக்க மரப்பிடி, ஒவ்வொரு சாமானும் தரச் சோதனை முடிந்து வருகிறது என்று ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டே சாம்பார்க் கரண்டியை நிறைய மொண்டு, மேனேஜர் இலைக்கு மேலே கொண்டு போனேன்.

பிடி என் கையில் இருந்தது. கரண்டி இல்லை.

அது இலையில் விழுந்து, ஒரு குதி குதித்து, மேனேஜர் மடியில் போய் உட்கார்ந்தது. வெள்ளைச் சட்டையில் காலர் வரைக்கும் சாம்பார், ஒரு துண்டு முருங்கைக்காய் பாக்கெட்டில். நல்லவேளை, சாம்பார் கொதிக்கவில்லை. என் கையில் வெறும் கட்டை, அதில் 'ஓகே' என்று பச்சை ஸ்டிக்கர். எல்லாரும் அதைத்தான் படித்தார்கள்.

நிலைமையைச் சமாளிக்க, கையோடு கொண்டுவந்திருந்த வெள்ளரிக்காயையாவது நறுக்கிக் கொடுப்போம் என்று கத்தியை எடுத்தேன். கத்தி வெள்ளரிக்காயில் நின்றுகொண்டது, பிடி மட்டும் என்னோடு வந்தது. பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர் தன் நாற்காலியை என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஸ்டெல்லா அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையிலிருந்த இரண்டு கட்டைகளையும் வாங்கிப் பைக்குள் போட்டாள். மேனேஜரிடம் ஈரத்துணியைக் கொடுத்து, மன்னிக்கணும் சார் என்றாள். வேறு இலை போட்டாள். அப்புறம் தண்ணீருக்கு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரைக் கழுவித் துடைத்து, அதிலேயே சாம்பாரை மொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் ஐந்து இலைக்கும் பரிமாறினாள். நான் சுவரோரமாக நின்று அதைப் பார்த்தேன். பதினோரு வருடம் அடுத்தவர் வேலையைச் சோதித்தவனுக்கு, வேலை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அவமானமும் அப்போதுதான் வந்தது, வட்டியோடு.

அவர்கள் சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை சாம்பார் கேட்டார்கள். கண்ணாடிக்காரர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். மேனேஜர் கை கழுவிவிட்டு வந்து, சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு சொன்னார்:

"திங்கக்கிழமைலேர்ந்து அனுப்பும்மா. ஒரே ஒரு கண்டிஷன். சாப்பாடு உள்ள வரட்டும், இவரு கேட்டோட நின்னுக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன். திங்கட்கிழமை பார்த்தால் செக்யூரிட்டி நோட்டில் என் பேரே எழுதியிருந்தது.

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து ஸ்டெல்லா தனியாகப் பொன்னேரி போய், அதே அம்மாவிடம் அந்த மங்கலான செட்டை வாங்கி வந்தாள். இப்போது ஆறு வருடம் ஆகிறது. ஊறப்போட மாட்டாள். கழுவின கையோடு துடைத்து, நிழலில் நிறுத்தி வைப்பாள். வாரத்துக்கு ஒருமுறை பிடிகளில் ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுவாள். பிடிகள் கறுத்து, வழவழவென்று அவள் கைக்கே வார்த்த மாதிரி இருக்கின்றன. இதையெல்லாம் எந்தத் தாடிக்காரனும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இன்றைக்கு அவள் சாப்பாடு மூன்று கம்பெனிக்குப் போகிறது, கூட நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். நான் லீவு நாளில் வண்டி ஓட்டுவேன். முதல் கம்பெனியில் என்னை உள்ளே விடமாட்டார்கள். மற்ற இரண்டிலும் விடுவார்கள், நானாகவே வெளியே நின்றுகொள்வேன். செக்யூரிட்டி ஆட்கள் நல்ல மாதிரி, எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். யாராவது சொந்தக்காரர்கள் வந்து, தொழிலில் வீட்டுக்காரர் ஒத்தாசையா என்று கேட்டால் ஸ்டெல்லா, "கேட்டு வரைக்கும் அவருதான்" என்பாள். கேட்டவர்கள் பெருமையாகத் தலையாட்டுவார்கள்.

போன மாதம் எங்கள் பெண்ணுக்குக் காலேஜ் சேர்க்கை. எந்தப் பாடம் எடுப்பது என்று அம்மாவும் பெண்ணும் கட்டிலில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு காகிதத்தை எடுத்து, திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, டெக்னிக்கலாகப் பார்த்தால் என்று ஆரம்பித்தேன். பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"டாடி, இது கேட்டுக்கு உள்ள நடக்குற மேட்டரு."

நான் காகிதத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.