ரெண்டு ஓவர்லாக் மெசின் விலையில் ஒரு வெப்சைட்

கடவுளே திருப்பூரில் இறங்கி வந்தாலும், அவர் அங்கவஸ்திரத்தை விரலால் தடவி எடை சொல்லாமல் கும்பிட மாட்டார் எங்கள் ஜி.எஸ்.எம். அண்ணன். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் தேறும் என்பதுதான் அந்த மூன்றெழுத்துக்குப் பொருள். மற்றவர்கள் துணியை வட்டமாக வெட்டிக் குட்டித் தராசில் வைத்துத்தான் சொல்வார்கள். அண்ணனுக்கு இரண்டு விரல் போதும். ஒரு சாவு வீட்டில் கோடித்துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நூத்தியிருவதுகூடத் தேறாதுங்க, கடைசியாக் கட்டற துணியிலயும் மச்சானை ஏமாத்திப்போட்டானுக" என்று குலுங்கி அழுதவர். மச்சானுக்காக அழுதாரா, துணிக்காக அழுதாரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெளிவில்லை.

நல்லூரில் அவருடைய தையல் யூனிட். அங்கே நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற பையருக்கு மெயில் எழுதுவதும், பதில் வராத நாட்களில் அண்ணனைத் தேற்றுவதும் என் வேலை. டாலர் சரிந்துகொண்டிருந்த காலம். கம்பெனிக் கேட்டுகளில் தொங்கிய 'டெய்லர்கள் தேவை' போர்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, தெருவே பல் விழுந்த வாயாகிவிட்டது. எங்களுக்கு இருந்ததே ஒரு வெளிநாட்டுப் பையர். அவரும் ஆர்டரைப் பாதியாக்கினார். இன்னொருவர் கிடைக்காவிட்டால் யூனிட்டை மூட வேண்டியதுதான்.

யாரோ வெப்சைட் என்றார்கள். அவினாசி ரோட்டிலிருந்து டிசைனர் பெண் ஒருத்தி வந்தாள். அவள் சொன்ன தொகையைக் கேட்டதும் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனம்மிணி, இந்தக் காசுக்கு ரெண்டு ஓவர்லாக் மெசினு வாங்கலாமுங்க. மெசினு துணி தைக்கும். இது என்னத்தைத் தைக்கும்?"

"ஆர்டர் தைக்கும் சார்."

அண்ணன் அங்கேயே மடங்கிவிட்டார். ஆனால் எங்கள் ஊரில் சாம்பிள் பார்க்காமல் எதற்கும் ஓகே கிடையாது. அவள் முதல் பக்கத்தைக் காட்டியதும், கம்பெனிப் பெயரின் நீலத்துக்கு நேராக ஒரு துண்டுத் துணியைத் திரையில் ஒட்டிப் பிடித்தார். "ஷேடு சேரலீங்க." துணியின் நிறம் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் மானிட்டரையே திணிக்கப் போய், பெட்டி உடைந்தது. "செரி, ஒரு வாஷ் போட்டுப் பாத்துப்போடலாமுங்க. நாளைக்குச் சுருங்கீருச்சுன்னா?"

அந்தப் பெண் சளைக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். "பாருங்க சார், அதே அளவு."

"அப்ரூவ்டுங்க!"

படங்கள் வேண்டுமென்றாள். சாம்பிள் அறையில் இருந்ததிலேயே அழகு, பையரின் அடுத்த சீசன் குழந்தை உடுப்புகள். அண்ணன் அவற்றைத்தான் படமெடுக்க மாட்டச் சொன்னார். நான் என் தூத்துக்குடி வாயால் தடுத்தேன்.

"அண்ணாச்சி, அது அவங்க டிசைனுல்லா? இன்னும் அவங்க கடைக்கே வரலியே!"

"கண்ணு, கழுத்து லேபிள்ல அவன் பேரு கெடக்கட்டும். தச்ச கையி நம்முளுதுதானே? இத்தன வருசமா நம்ம புள்ளைக தச்சதை எவன் பாத்தான்? ஒருக்கா பாக்கட்டும்."

உடுப்புகளை நானே எடுத்துக் கொடுத்தேன். மானிட்டருக்குப் பொட்டு வைத்து, மவுஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வெப்சைட்டை உலகத்துக்குத் திறந்து விட்டோம்.

உலகத்திலிருந்து முதலில் வந்து பார்த்தவர் எங்கள் பையர். மெயில் சின்னது: தன் கடைக்கே வராத உடுப்பை ஊருக்கெல்லாம் காட்டியவரோடு இனி வியாபாரம் இல்லை. இருந்த பாதி ஆர்டரும் போயிற்று. அண்ணன் என்னை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு டிசைனருக்குப் போன் போட்டார். "தைக்கும்னீங்களேம்மிணி, பிரிச்சுப்போட்டுருச்சுங்க" என்ற குரலில் கோபமே இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

வெட்டிய துணி வெட்டியபடி கிடந்தது. விற்ற மெசின்கள் டெம்போவில் ஏறின. அவை நின்ற இடங்களில் எண்ணெய்க் கறை மட்டும், ஆள் எழுந்துபோன பாயைப் போல. சம்பளத்தை வாங்கிக்கொண்டு டெய்லர்கள் போக மனமில்லாமல் நின்றார்கள். வேறு வேலை எந்தக் கேட்டிலும் இல்லை.

அண்ணன் அந்தப் பெண்ணை மறுபடி வரவழைத்தார். "கட்டுன காசுக்கு வருசம் முடியற மட்டும் அந்த வெப்சைட்டு நம்முளுதுதானுங்களே?" உடுப்புகளை எடுத்துவிட்டு எங்கள் ஆட்களின் படங்களை வரிசையாகப் போடச் சொன்னார். கீழே எழுத வேண்டியதை அவரே சொன்னார். மாரியம்மா, ஓவர்லாக், கழுத்துப்பட்டி கோணவே கோணாது. செல்வராசு, கட்டிங், கோவத்துல இருந்தா இன்னும் நேரா வெட்டுவான். என் படத்துக்குக் கீழே: இங்கிலீசு எழுதுவாரு, பொய் சொல்ல வராது.

"கம்பெனியே இல்லாம வெப்சைட்டா சார்?"

"ஆளுக இருக்காங்களேம்மிணி."

டிவிஎஸ் வண்டியில் ஏறி யூனிட் யூனிட்டாகப் போய், வெப்சைட்டைப் பாருங்க பாருங்க என்று கெஞ்சினார். மாரியம்மாவுக்கு ஓரிடத்தில் வேலை கிடைத்தது. செல்வராசு காத்திருந்து பார்த்துவிட்டு ஊருக்கே போய்விட்டான்.

"உங்க போட்டோ மட்டும் போடலையே சார்" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என்னைய எவனுங்க வேலைக்கு வெச்சுக்குவான்?" என்று சிரித்தார் அண்ணன்.

நான் வைத்துக்கொள்வேன், அண்ணாச்சி. முதலாளியாகவே.