வெண்குடையோடு ஓடிய ராஜா

ராஜா வேஷம் கட்டுகிறவனுக்கு மீசை ஒட்டியதும் புத்தி கொஞ்சம் மங்கும். எனக்கு மீசை ஒட்டுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே மங்கிவிட்டது.

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் உண்டு. நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் கணீர் குரல் (நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்). அதனால் நல்ல ராஜா வேஷம் எனக்கு. கொடுங்கோல் ராஜா, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அந்தோணி அண்ணன். கரடுமுரடான ஆள், வசனமும் பாதி மறந்துவிடுவார்.

ஒத்திகையில் பங்குச் சாமியார் சொன்னார்: "ராஜாவோட வெண்குடை அவர் தலைக்கு இல்லப்பா. குடிமக்களுக்கு நிழல் தரத்தான். அதை மனசுல வச்சுப் பேசு."

"ஜமாய்ச்சிடறேன் சாமி!"

வீட்டில் நடந்து நடந்து வசனம் பேசுவேன். என் மனைவி பிலோமினா குழாயடியிலிருந்து குடத்தோடு வருவாள். "ஒரு கொடம் தண்ணி தூக்கத் துப்பில்ல, நாட்ட காப்பாத்தப் போறாராம்!"

திருவிழா அன்று பூசை முடிந்து நாடகம் தொடங்கியது. கீற்றுப் பந்தல் நிறைய ஜனம். முன்வரிசைப் பாயில் பிலோமினா, மடியில் எங்கள் மூன்று வயது மேரி. நான் ஜரிகை வைத்த வெள்ளைக் குடையை உயர்த்தி முழங்கினேன்:

"என் குடிமக்களே! இடியே விழுந்தாலும் இக்குடை உங்களை விட்டு அகலாது!"

ஒரே கைதட்டல். அது அடங்குவதற்குள் நிஜமாகவே இடி. கடல் பக்கமிருந்து காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் பந்தலின் முன்கால் முறிந்து சாய்ந்தது.

அடுத்து எனக்கு நினைவு வந்தபோது எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேல் வெண்குடை. அதன் நிழலில் ஒரே ஒரு குடிமகன், நான்தான்.

டீக்கடைக்காரர் நிதானமாகக் கேட்டார்: "இன்னா ராஜா, நாடு எங்க?"

ஐயோ, மேரி! திரும்பி ஓடினேன் (பதற்றத்தில் குடையை மடக்கத் தோன்றவில்லை).

அங்கே கொடுங்கோல் ராஜா பந்தலைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார். பாதி மீசை பிய்ந்து வாயோரம் தொங்குகிறது. ஒரு கையில், நெரிசலில் பிலோமினாவை விட்டுப் பிரிந்த மேரி.

"கொயந்தைங்க மொதல்ல! தள்ளாத ஆயா, மெதுவா போ! நான் புட்ச்சிகினு கீறேன்!"

கடைசி ஆள் வெளியேறிய பிறகுதான் அவர் தோளை எடுத்தார். பந்தல் பொத்தென்று படுத்தது. மாதா புண்ணியத்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை, அவர் தோளைத் தவிர.

நான் கையை நீட்டினேன். மேரி அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். "நான் ராஜாகிட்டயே இருக்கேன்."

பிலோமினா என்னைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். "கொட நனைஞ்சிடப் போவுது, மடக்கி வை."

"அண்ணே..." என்றேன்.

"உடு நைனா. எனக்கு வெயிட்டு தூக்கிப் பயக்கம், உனக்கு வசனம் பயக்கம். ஒரு டீ சொல்லு."

எத்தனையோ பேர் ஆட்சி நாற்காலியில் ஏறி இறங்குவதை அப்புறம் பார்த்துவிட்டேன். யார் வந்தாலும் அந்தத் தொங்கும் மீசைக்குப் பக்கத்தில்தான் நிறுத்திப் பார்ப்பேன். ராத்திரி செபமாலையில் அண்ணனுக்காக ஓர் அருள்நிறை மந்திரம் இன்றும் உண்டு.

மறுவருஷம் சாமியார் அவருக்கே நல்ல ராஜா வேஷம் கொடுத்தார். வசனத்தைப் பாதியாகக் குறைத்தும் அதில் பாதியை மறந்தார். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு வேறு வேலை கொடுத்தார்: தேர்பவனியில் மாதா சுரூபத்துக்குக் குடை பிடிப்பது. இன்றுவரை பிடிக்கிறேன்.

பவனியில் ஒரு தூறல் விழுந்தால் போதும். பெண்கள் வரிசையில் செபமாலை நின்றுவிடும். பிலோமினா குரல் மட்டும் கேட்கும்:

"ஏன்யா, இந்த தபா ஓட்றதுன்னா மாதாவையும் கூட்டிகினு ஓடு!"