நீ எடுத்த டி.வி. படமும் எங்கள் நாலு கழுத்துகளும்

ஆகுர்டி, புனே
12-1-1998

சிரஞ்சீவி சேஷுவுக்கு,

அத்திம்பேர் வாசுதேவன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் அக்கா கனகவல்லி, குழந்தைகள் சபரி, ப்ரீத்தி, நான் எல்லோரும் இங்கே கழுத்துக்கு மேலே சௌக்கியம், கழுத்துக்குக் கீழேயும் சௌக்கியம். நடுவில் இருக்கிற கழுத்துதான் நாலு பேருக்கும் திரும்ப மாட்டேன் என்கிறது. அதற்குப் பொறுப்பு, மெட்ராஸில் விளம்பரக் கம்பெனிக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும் நீதான் என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

தீபாவளிக்கு வந்தபோது, "அத்திம்பேர், இது நான் எடுத்தது" என்று பெருமையாக ஒரு வழவழப்பான டி.வி. விளம்பரத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பெரிய ஹால். சோபாவின் நடுவில் பட்டு ஜிப்பா போட்ட அப்பா, பக்கத்தில் அம்மா, காலடியில் கம்பளத்தில் பையனும் பெண்ணும். அவர்களை ஒட்டினாற்போலப் புது டி.வி., அதற்குள் ஒரு பச்சைக்கிளி. நாலு பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நான் கிளியைப் பார்க்கவில்லையப்பா, அந்த அப்பாவைத்தான் பார்த்தேன். என் நிலைமை உனக்குத் தெரியும். எங்கள் பாக்டரிக்கு வியாழக்கிழமை விடுமுறை, குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை. செகண்ட் ஷிப்ட் முடிந்து நான் வரும்போது அவர்கள் தூங்கியிருப்பார்கள், அவர்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். சபரிக்கு மீசை அரும்பியிருக்கிறது என்பதையே பக்கத்து வீட்டு பன்சோடே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரே ஒரு சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் இப்படி உட்கார வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை அவ்வளவுதான். டி.வி. ஒரு சாக்கு.

அந்தச் சமயம் பார்த்து அதே விளம்பரம் எங்கள் பழைய டி.வி.யிலும் வர ஆரம்பித்தது. "பார், கிளியோட இறக்கை எப்படித் தெரியறது! இந்த மாதிரி டி.வி. வாங்கணும்" என்றேன். உன் அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே நிமிர்ந்து, "இப்போ அந்தக் கிளி எதுல தெரியறது?" என்றாள். அது காதில் விழாத மாதிரி மறுநாளே போய் வாங்கிவிட்டேன். கடையில் அரை இருட்டு அறைக்குள் வைத்து அருவி, மீன், ரோஜாப்பூ எல்லாம் காட்டினார்கள். சாரல் மேலே தெறிப்பது போல இருந்தது, கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டேன். அதே பெட்டி வீட்டுக்கு வந்து எங்கள் கேபிள்காரனிடம் மாட்டிக்கொண்ட பிறகு, செய்தி வாசிக்கிற பெண் மஞ்சள் காமாலை வந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். அது போகட்டும்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கினேன். நான் இன்ஸ்பெக்ஷன் டிபார்ட்மெண்டில் இருப்பவன். செய்து வருகிற உருப்படி டிராயிங்கில் இருப்பதுபோல இல்லாவிட்டால் தூக்கிப் போடுவதுதான் என் பிழைப்பு. உன் படத்தையும் டிராயிங்காகவே வைத்துக்கொண்டேன். பீரோவை நானும் பன்சோடேயும் சமையலறைக்குத் தள்ளினோம். உப்பு ஜாடி உடைந்தது. ஸ்கேலை வைத்துப் படத்தில் அளந்து, அதே இடத்தில் சோபா, அதே கோணத்தில் டி.வி. கனகவல்லியைப் பட்டுப்புடவை கட்டிக்கொள்ளச் சொன்னேன். "டி.வி. பார்க்கறதுக்கா? யாராவது பார்த்தா சிரிப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டிக்கொண்டாள், பாவம்.

எல்லோரும் உட்கார்ந்தோம். டி.வி.யைப் போட்டேன். எதிரே என்ன தெரிந்தது என்கிறாய்? சுவர்! டி.வி. எங்கள் பக்கவாட்டில் எங்களைப் போலவே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சத்தம் மட்டும் வந்தது. படம் பார்க்க வேண்டுமென்றால் ஆந்தை மாதிரி தலையைத் திருப்ப வேண்டும். "கொஞ்ச நேரம் இருங்கோ, பழகிடும்" என்றேன். பாதி சினிமா வரை பொறுத்துப் பார்த்த ப்ரீத்தி, "புரே அப்பா, புரே!" என்று மராட்டியில் போதும் போதும் என்று அலறினாள்.

"அப்பா, டி.வி.யை இப்டி திருப்பி வெச்சா ஆச்சே?" என்றான் சபரி.

"படத்துல அப்படி இல்லைடா."

"படத்துல யாருமே டி.வி. பாக்கலை அப்பா. எல்லாரும் கேமராவைத்தான் பாக்கறா."

தாளை வாங்கிப் பார்த்தேன். அடப்பாவி! நிஜம்தான். நாலு பேரும் நம்மைப் பார்க்கிறார்கள், டி.வி.யும் நம்மைப் பார்க்கிறது. கிளியை ஒருத்தரும் சீந்தவில்லை. பிறகு எதைப் பார்த்து அவ்வளவு சிரிப்பு? இத்தனை வருஷம் இன்ஸ்பெக்ஷன் பார்த்த கண்ணுக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. உன் அக்கா, "நீங்க எதிர்த்தாப்ல வாசப்படியண்ட போய் நின்னு பாருங்கோ, அங்கேருந்து சரியா இருக்கும்" என்றாள். போய் நின்றேன். அச்சு அசலாக உன் படம். பட்டுப்புடவையில் அவள், கம்பளத்தில் குழந்தைகள், பக்கத்தில் டி.வி., எல்லாம் இருக்கிறது. சோபா நடுவில் மட்டும் ஆள் இல்லை. அங்கே போய் உட்கார்ந்தால் பார்க்க முடியாது, பார்க்க வேண்டுமென்றால் உட்கார முடியாது. இது என்ன நியாயம், சேஷு? அந்த நாலு பேரும் ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள் என்று நீ சொன்னதாகக் கனகவல்லி சொல்கிறாள். தெரியாத நாலு பேரைச் சேர்த்து உட்கார வைத்துச் சிரிக்க வைக்கிறாய். எனக்கு என் வீட்டு நாலு பேரைக்கூட அப்படி உட்கார வைக்கத் தெரியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

ஆகையால் கம்பெனிக்காரர்களிடம் பேசி, டி.வி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ள உடனே ஆள் அனுப்பச் சொல்லவும். எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

உன் மனைவி கோதைக்கு எங்கள் ஆசிகள். உன் கேமராவுக்கும் நல்ல புத்தி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
வாசுதேவன்

பின்குறிப்பு: சேஷு, அக்கா எழுதறேன். கவரை ஒட்டச் சொல்லி எங்கிட்ட குடுத்தார். படிக்காம ஒட்டுவேனா? ஆள் கீள் யாரையும் அனுப்பிடாதே. பாக்கி இருந்த லீவையெல்லாம் ஞாயித்துக்கிழமைக்கே எழுதிக் குடுத்துட்டார், உனக்குத்தான் சொல்லலை. டி.வி.யைத் திருப்பவும் விடமாட்டேங்கறார். நேத்து எங்களை உட்கார வெச்சுட்டு, வாசப்படியண்ட நாற்காலியைப் போட்டுண்டு உட்கார்ந்தார். நடுவுல கேபிள் போயிடுத்து. டி.வி. பூரா ஒரே புள்ளி. குழந்தைகள் எழுந்துக்கப் போனா, "இருங்கோ இருங்கோ, நான் இன்னும் பார்த்து முடிக்கலை"ன்னார்.